தூரம் கிலோமீட்டரில் மட்டும் இல்லை

சென்னைக்கும் சிட்னிக்கும் இடையே சுமார் 9,100 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாக வந்தால் முதலில் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். பிறகு ஏறக்குறைய எட்டு மணி நேரம். விமான நிலையங்களில் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு நாளே போய்விடும்.

பேரக்குழந்தையைப் பார்க்க வரும் எழுபது வயதுத் தாயாருக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் பலரும் பார்ப்பது கட்டணத்தை மட்டுமே. அந்த அம்மாள் எத்தனை மணி நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார் என்று கணக்கிடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சப்பட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிற பெரியவர்கள் உண்டு.

நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தால் காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் அறிவித்தது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது நேரும். ஆனால் முன்பே இரத்தக்கட்டு வந்தவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது.

சிட்னி கடிகாரம் சென்னையைவிட நாலரை மணி நேரம், இங்கே கோடையில் ஐந்தரை மணி நேரம், முந்தியது. ஆகவே இன்சுலின் போடும் வேளையையும் அளவையும் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும்.

நடைபாதை ஓர இருக்கை, மணிக்கொரு முறை சிறு நடை, முடிந்தால் சிங்கப்பூரில் ஓர் இரவு ஓய்வு. இதற்கு ஆகும் செலவு, பெற்றோருக்குச் செய்யும் கடமையில் சேர்ந்ததே.