கைபேசி தோளைத் தொட்டுப் பார்க்குமா?

பிசியோதெரபிஸ்ட்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளலாமா என்று 2025 செப்டம்பரில் டெல்லியில் ஒரு கூத்து நடந்தது. கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 9ஆம் தேதி கடிதம் எழுதியது. மறுநாளே திரும்பப் பெற்றது. பட்டத்துக்காக இவ்வளவு மல்லுக்கட்டியவர்கள், அந்த வேலையையே செயலியிடம் தூக்கிக் கொடுப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. முட்டி மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புபவரிடம் மருந்துச் சீட்டோடு, கேமரா வழியே உடற்பயிற்சியைக் கண்காணிக்கும் ஒரு கைபேசிச் செயலியையும் கொடுத்தனுப்புவது இப்போது நாகரிகமாகி வருகிறது.

இந்தச் செயலிகளைக் கொண்டாடுபவர்கள் ‘அட்டெண்ட்’ ஆய்வை ஒருமுறை படிக்கட்டும். இந்தியாவின் 14 மருத்துவமனைகள், 1,250 பக்கவாத நோயாளிகள். முடிவுகள் 2017இல் ‘லான்செட்’ இதழில் வந்தன. பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி தந்து, வீட்டில் உடற்பயிற்சிகளைத் தொடரச் செய்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் கையை எதிர்பார்த்து வாழ்பவர்களும் சேர்த்து முதல் பிரிவில் 47 சதவீதம். இரண்டாம் பிரிவிலும் அதே 47! இந்த எண்ணை நான் சொல்லாத கூட்டமில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறார்கள். கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும் பக்கத்திலிருந்து செய்ய முடியாததைக் கைபேசி செய்துவிடுமாம்.

கேமரா மூட்டின் கோணத்தை அளக்கும், சரி. பக்கவாதம் வந்தவரைக் கையைத் தூக்கச் சொன்னால் தோளை எக்கி, உடம்பைச் சாய்த்துத் தூக்குவார். தொளதொள நைட்டிக்குள் நடக்கும் அந்தத் தில்லுமுல்லைத் திரை எங்கே பார்ப்பது? பிசியோதெரபிஸ்ட் தோளில் கை வைத்ததுமே பிடித்துவிடுவார். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, தோள்மூட்டு நழுவியிருக்கிறதா என்பதும் அந்தக் கைக்குத்தான் தெரியும். அறுவைக்குப் பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம்; உயிருக்கே ஆபத்து. அதைச் செயலியிடம் விடுவதா?

கேமராவை ஆறடி தள்ளி வைக்க எத்தனை வீடுகளில் இடமிருக்கிறது? போன் மகனுடையது; அவன் வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். வலிக்கிறது என்று படுத்துக்கொண்டே ‘முடித்தேன்’ பொத்தானை அழுத்துபவர்களும் உண்டு. அந்தப் பக்கம் தெரபிஸ்டின் திரையில் பச்சை டிக் விழுகிறது. அந்த டிக்குகளை ராத்திரி உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுவதற்குச் சம்பளம் கிடையாது.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான், பத்து லட்சம் பேருக்கு மறுவாழ்வு வல்லுநர்கள் பத்துப் பேர்கூட இல்லாத நாடுகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியென்றால் ஆள் எடுங்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் செயற்கை நுண்ணறிவு பிசியோதெரபி, முதுகுவலிக்காரர்களின் காத்திருப்புப் பட்டியலைக் குறைத்துவிட்டதாம். பட்டியல் குறைந்தது, வலி? இதெல்லாம் வியாபாரப் பேச்சு.

நம் கையிலேயே விடை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. ஆனால் வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் அவர் எத்தனை படி ஏறுவார்? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்று அரசு நியமிக்க வேண்டும். அதுவரை இந்தச் செயலிகளுக்கு மக்கள் வரிப்பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது.