ஐந்தாவதாக வந்தவள்

நம் விளையாட்டு விழாவில் முதல் மூன்று பெயர்களை வாசித்ததும் கைதட்டல் ஓய்ந்துவிடுகிறது. ஐந்தாவதாக ஓடி வந்தவளை நம்மில் யார் பார்த்தோம்?

கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் கணக்கே வேறு. ஓர் அணியின் முதல் ஐவர் எத்தனையாவதாக வந்தனர் என்று கூட்டுவார்கள்; குறைந்த தொகைக்கே வெற்றி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆடம்ஸ் ஸ்டேட் கல்லூரியில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் பயிற்சியளித்தவர் ஜோ விஜில். 1992-இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் முதல் ஐந்து இடங்களும் அவர் மாணவர்களுக்கே. கூட்டுத்தொகை 15, அதற்குக் கீழே எண்ணே கிடையாது! அவர் அணிகள் வென்ற 19 தேசியப் பட்டங்களிலும் இதையே நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். ஐந்தாமவன் ஓரிடம் பின்தங்கியிருந்தாலும் அந்தப் பதினைந்து கிடைத்திராது.

அடுத்த ஆண்டு நம் இல்லங்களுக்கிடையே இப்படியொரு ஓட்டம் வைத்தால் என்ன? மதர் அவர்களிடம் கேட்கத் துணிந்துவிட்டோம்.