நெஞ்சுவலியும் எமது தயக்கமும்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவரின் மரண அறிவித்தல்களைப் படிக்கையில், ஐம்பதைத் தொடாத வயதும் ‘மாரடைப்பு’ என்ற சொல்லும் சேர்ந்து வருவதைக் காண்கின்றோம். இதனை விதியென்று ஒதுக்கிவிட எம்மால் இயலாது.

52 நாடுகளில் நடத்தப்பெற்று 2004 இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு, புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காரணம் என்றது. இலங்கையையும் உள்ளடக்கிய 2007 ஆம் ஆண்டுப் பகுப்பாய்வோ, தெற்காசியர் சராசரியாக 53 வயதிலும் ஏனையோர் ஏறத்தாழ 59 வயதிலும் முதல் மாரடைப்புக்கு ஆளாவதாகக் காட்டியது. தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும், இரவு வேலையும், குலைந்த உறக்கமும் இச்சுமையைக் கூட்டுகின்றன.

இதய நாடி அடைபட்டதும் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடியத் தொடங்குகின்றது. எம்மவரோ ‘வாய்வு’ என்று சோடா குடித்து விடியும்வரை பொறுக்கின்றனர். வதிவிட உரிமை இல்லாதோர் செலவுக்கும் அதிகாரிகளுக்கும் அஞ்சுகின்றனர். தஞ்சம் கோருவோருக்கு அவசர சிகிச்சை வழங்கப்பட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். பிரித்தானியாவில் அவசர சிகிச்சைப் பிரிவு எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை.

நெஞ்சில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் கண்டால் 112 ஐ உடனே அழையுங்கள். இதயம், வலி, வீட்டு முகவரி ஆகியவற்றை அந்நாட்டு மொழியில் எழுதித் தொலைபேசியருகே இன்றே ஒட்டிவையுங்கள்.