அளந்து முடிக்குமுன் அழிந்துவிடக் கூடாது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத்தில் அழுக்கு மூட்டைகளைப் படித்துறைக்கும், வெளுத்த துணிகளை வீடுகளுக்கும் சுமந்தவை கழுதைகள். வண்டி நுழையாத சந்துகளுக்கு மணலும் செங்கல்லும் போய்ச் சேர்ந்ததும் அவற்றின் முதுகில்தான். இன்று சலவை இயந்திரமும் குட்டியானை வண்டியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. வேலை போனதோடு விலங்கும் போய்க்கொண்டிருக்கிறது.

2012-ல் நாட்டில் சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மிஞ்சியவை சுமார் 1.2 லட்சம். ஏழே ஆண்டுகளில் 61 சதவீதம் சரிவு. தமிழ்நாடு முழுவதற்குமாக அப்போது எண்ணப்பட்டவை 1,428 மட்டுமே. அதைவிடக் கவலை தருவது, எஞ்சியிருக்கும் இந்தக் கழுதைகள் எந்த இனத்தைச் சேர்ந்தவை என்று நம்மால் சொல்ல முடியாததுதான்.

கழுதை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் தவறு. குஜராத்தின் ஹலாரி வெண்ணிறமும் நல்ல உயரமும் சாந்த குணமும் கொண்டது. ஆட்டு மந்தையோடு இடம்பெயரும் மேய்ச்சல் குடும்பங்களின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்து நெடுந்தூரம் நடப்பது. அதே மாநிலத்தின் கச்சி இனம் அதைவிடச் சிறியது. இமாச்சலத்தின் ஸ்பிதி ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாதது. ஆனால் காற்று மெலிந்த பனிமலைப் பாதையில் பொதி சுமக்கும். பிரான்சின் புவாட்டு இனமோ ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் சடைசடையான ரோமமும் உடையது. பெரிய கோவேறு கழுதைகளைப் பெறுவதற்கென்றே வளர்க்கப்பட்டது.

ஸ்பிதி, ஹலாரி, கச்சி, லடாக்கி ஆகியவற்றைத் தனி இனங்களாக அங்கீகரித்துப் பதிவு செய்திருக்கிறது கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம். நம் ஊர் வெயிலுக்கும் காய்ந்த புல்லுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய சிற்றுடல் கழுதைக்கு அப்படியொரு பதிவு இல்லை. ஜல்லிக்கட்டுக்காகவும் நாட்டு மாடுகளுக்காகவும் 2017-ல் வீதிக்கு வந்த தமிழகம், கழுதைக்காக ஒரு விண்ணப்பமாவது எழுத வேண்டாமா?

பதிவு வெறும் பெருமைக்கானதன்று. பெயருள்ள இனத்தின் சரிவுதான் கணக்கில் ஏறும். காக்கும் திட்டமும் அதற்குத்தான் வரும். புவாட்டு இனத்தில் 44 மட்டுமே எஞ்சியிருப்பது 1977 கணக்கெடுப்பில் தெரியவந்த பிறகே பிரான்ஸ் விழித்துக்கொண்டு அதை மீட்டது. கழுதையின் சினைக்காலம் ஏறத்தாழ ஓராண்டு. ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான். மந்தை சுருங்கிவிட்டால் மீள்வது எளிதன்று. கழுதைத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசைக்குச் சீனாவில் எழுந்த தேவையால் கழுதைகள் கொல்லப்படுவதைக் கண்டு, 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாடுகள் கூடித் தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதற்குத் தடை விதித்தன. நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கழுதைப் பால் வியாபாரத்தை நம்பி வெளிமாநிலக் கழுதைகளைக் கொண்டுவந்து கண்டபடி கலப்பு செய்தால், உள்ளூர் இனம் அளக்கப்படுவதற்கு முன்பே கரைந்துபோகும்.

வழி இல்லாமலில்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் கழுதை வளர்ப்புத் தொழிலுக்கு 50 சதவீத மானியம், அதிகபட்சம் ரூ.50 லட்சம் வரை வழங்க 2024-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இனப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்கும் உதவி உண்டு. 2024 அக்டோபரில் தொடங்கிய 21-வது கணக்கெடுப்பு இனவாரியாக விவரம் சேகரிப்பது. தமிழக அரசு மாவட்டவாரியாகக் கழுதைகளின் எண்ணிக்கையை வெளியிட வேண்டும். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அவற்றின் உயரம், நிறம், மரபணு ஆகியவற்றை ஆய்ந்து கர்னாலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் கழுதை வைத்திருக்கும் சலவைத் தொழிலாளர்களையும், பால் விற்றுத் தெருத்தெருவாக நடப்பவர்களையும் அரசு தேடிச் செல்ல வேண்டும். அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை; பச்சிளங்குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தீவனமும் மருத்துவமும் வேறு வருமானத்துக்கான வழியும் கிடைத்தால்தான் அவர்கள் கழுதைகளை விற்காமல் வைத்திருப்பார்கள். இந்த இனத்தை இதுவரை காத்தவர்கள் அவர்களே; அவர்களைக் கைவிட்டுவிட்டு எந்த ஆய்வகத்தாலும் அதைக் காக்க முடியாது. அடுத்த கணக்கெடுப்பு வரை காத்திருக்க இது நேரமன்று.