மலைக்கு வர்றவங்க தோட்டத்துக்கும் வரட்டும்

கொடைக்கானல்ல பயிர் நோய் பற்றி மாநாடாம். அழைப்பிதழை ஒரு தம்பி வாட்ஸ்அப்ல அனுப்பியிருந்தார். முகப்புல ஏரியும் மூடுபனியும். மூணாவது நாள் மதியம் பிரையன்ட் பூங்கா, தூண் பாறை. விவசாயத் தோட்டம்னு ஒரு வரி உண்டான்னு ரெண்டு தடவை தேடிட்டேன். இல்லை.

மலையில மாநாடு வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்லை. தாராளமா நடத்தட்டும். அந்த ஹால்ல இருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இறங்கி வந்தா, அவங்க பேசுற நோய் ரோட்டோரமே நிக்குதே, அதைப் பார்க்காம போறதுதான் எனக்குப் பொறுக்கலை.

நகரத்துல இருக்கிறவங்களுக்குப் புரியும்படி சொல்றேன். நீங்க பழனியில வாங்குற பஞ்சாமிர்தத்துக்குப் பேர் போன பழம் விருப்பாச்சி. காப்பிச் செடிக்கு நடுவுல, மழையை நம்பி வளர்ற மலை வாழை. 2008ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. ஒரு காலத்துல இந்தக் கீழ்ப்பழனி மலையில 18,000 ஹெக்டேர் இருந்தது, 2,000க்கு வந்துடுச்சுன்னு வேளாண்மைக்காரங்களே எழுதியிருக்காங்க. வாழையைச் சாய்ச்சது முடிக்கொத்து நோய். குருத்து விரியாம இலையெல்லாம் குறுகி, உச்சியில கொத்தா நிக்கும். காம்புல கரும்பச்சைப் புள்ளியும் கோடுமா இருக்கும். இளசுல வந்துட்டா தார் போடாது. மருந்து கிடையாது. இந்த வைரஸைத் தூக்கிட்டுத் திரியறது அசுவினின்னு ஒரு பொடிப் பூச்சி. நோய் உள்ள தாயில இருந்து எடுத்த கன்னு, பார்க்க நல்லா இருந்தாலும் நோயோடதான் வரும்.

இதெல்லாம் புதுசா கண்டுபிடிக்க வேண்டியது இல்லை. ஆஸ்திரேலியாவுல 1920கள்ல இதே நோய் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து வாழையை அழிச்சப்போ, மகீன்னு ஒரு விஞ்ஞானி அசுவினிதான் பரப்புதுன்னு காட்டிட்டார். 1927லயே எழுதியாச்சு. அப்புறம் அவங்க சட்டம் போட்டாங்க. ஆய்வாளருங்க தோட்டம் தோட்டமா நடந்து, நோய் மரத்தைத் தோண்டி அழிக்க வச்சாங்க. கண்ட இடத்துல கன்னு வாங்கி நடக் கூடாதுன்னாங்க. அங்கே வாழை விவசாயம் மறுபடியும் எழுந்துச்சு.

இங்கே அந்த நடை யார் நடக்கிறா? நான் என் தோட்டத்துல நோய் மரத்துக்கு முதல்ல மருந்தடிச்சு அசுவினியைக் கொன்னுட்டு, கிழங்கோட தோண்டி எடுக்கிறேன். பக்கத்துல மூணு ஏக்கர், பட்டணத்துக்காரர் வாங்கி வேலி போட்டது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து படம் எடுத்துட்டுப் போவார். அவர் வேலிக்குள்ள நோய் வாழை காடா நிக்குது. உள்ளே போக எனக்கு உரிமை இல்லை, கேட்டா காவலாளுக்கு ஒண்ணும் தெரியலை. அசுவினிக்கு வேலியா தெரியும்? (இதைப் படிக்கிற உங்கள்ல யாருக்காவது மலையில இடம் இருந்தா, தயவுசெஞ்சு ஒரு தடவை வாழைக் குருத்தை அண்ணாந்து பாருங்க.)

விஞ்ஞானிங்க தங்களுக்குள்ள பேசத்தான் வேணும், அதுல எனக்குச் சண்டை இல்லை. வைரஸ் சோதிச்ச திசு வளர்ப்புக் கன்னு வந்ததே அப்படிப் பேசினதாலதான். நானும் அதைத்தான் நட்டிருக்கேன். ஆனா சுத்தமான கன்னை நோய்க்காட்டுக்கு நடுவுல நட்டா எத்தனை நாள் சுத்தமா இருக்கும்? அந்தக் கேள்விக்கு மைக்ரோஸ்கோப்புல பதில் இல்லை. தாசில்தார், தோட்டக்கலை அதிகாரி, ஊராட்சித் தலைவர், வேலிக்காரர், நான் எல்லாரும் ஒரே நாள்ல ஒரே சரிவுல நின்னாத்தான் பதில் வரும். அப்படி ஒரு கூட்டத்துக்குக் காசு இல்லைங்கிறாங்க. ஏரி தெரியற ஹாலுக்கு இருக்கு.

வெளியாள் வந்தா நோயைக் கொண்டாந்துடுவாங்களேன்னு ஒரு நண்பர் கேட்டார். சரியான கேள்வி. வாடல் நோய்க் காளான் செருப்பு மண்ணுலயே வரும். அதனால பூட்ஸைக் கழுவிட்டு, கிருமிநாசினியில முக்கிட்டு வரட்டும், வாசல்ல தொட்டி வைக்கிறேன். அந்த மூணாவது நாள் மதியத்தை மட்டும் கொடுக்கட்டும். தமிழ்ல பேசறவங்க நாலு பேர் இருந்தாப் போதும். காப்பி எங்க வீட்டுலயே போட்டுத் தர்றோம்.