எண்ணெய் தண்ணீரில் கரையாது என்று எழுதாதீர்கள்

100 மில்லிலிட்டர் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரையும்? 25 பாகை செல்சியஸில் சுமார் 36 கிராம். நீங்கள் 50 கிராம் போட்டாலும் 80 கிராம் போட்டாலும் கரைவது அவ்வளவுதான். மிச்சம் அடியில் தங்கிவிடும். அதனால்தான் உப்பின் கரைதிறனைப் பாடநூலில் ஒரே எண்ணாகத் தர முடிகிறது.

இனி, தே ஓ கலக்கிப் பாருங்கள். ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி தேயிலைத் தூள் போட்டால் இளஞ்சாயம். மூன்று கரண்டி போட்டால் கடுஞ்சாயம். இரண்டிலும் அடியில் சக்கை கிடக்கிறது. சக்கை மிஞ்சியதால் அது நிறைகரைசல் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. தூளில் கரையும் பொருள்களும் உண்டு, கரையாதவையும் உண்டு. தூளைக் கூட்டினால் கரையும் பொருள்களும் கூடுகின்றன. ஆகவே, “தேயிலையின் கரைதிறன் என்ன?” என்று யாராவது கேட்டால், “எவ்வளவு தூள் போட்டீர்கள்?” என்று நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டும்.

பெட்ரோல், டீசல், கப்பல் எரிபொருள் எல்லாம் இப்படிப்பட்ட சிக்கலான கலவைகளே. அவற்றில் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. பெட்ரோலில் உள்ள மூன்றை மட்டும் பாருங்கள். தனியாக எடுத்தால், ஒரு லிட்டர் நீரில் பென்சீன் சுமார் 1,800 மில்லிகிராம் கரையும். டொலுயீன் சுமார் 500 மில்லிகிராம். ஆக்டேன் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. இவற்றின் சராசரியைச் சொல்லி என்ன பயன்? மீனைப் பாதிப்பது சராசரி அல்ல. நீருக்குள் உண்மையில் போன பொருள்.

அளப்பதும் எளிதன்று. பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 1995இல் ஏற்ற 105ஆம் சோதனை வழிகாட்டி, கரைதிறனை அளக்கும் முறைகளைச் சொல்கிறது. ஆனால், அது பெரும்பாலும் தூய்மையான, எளிதில் ஆவியாகாத பொருள்களுக்கானது. எண்ணெய்க் கலவைக்கு வேறு வழி தேவை. அளந்தெடுத்த எண்ணெயை நீரில் விட்டு, மூடிய போத்தலில் மெதுவாகக் கலக்குவார்கள். வேகமாகக் கலக்கினால் நுண்துளிகள் நீரில் மிதக்கும். அவற்றையும் கரைந்ததாக எண்ணிவிடுவோம். போத்தலில் அதிகக் காற்று இருந்தால் பென்சீன் ஆவியாகிவிடும். பின்னர் அசையாமல் வைத்து, அடியில் உள்ள நீரை மட்டும் எடுத்து, எந்தச் சேர்மம் எவ்வளவு என்று தனித்தனியாக அளப்பார்கள். லிட்டருக்கு 10 மில்லிகிராம் எண்ணெய், 100 மில்லிகிராம், 1,000 மில்லிகிராம் என்று அளவை மாற்றி மாற்றிச் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் விடை வேறாக வரும். அது பிழையல்ல, கலவையின் இயல்பே அதுதான்.

“ஒரே எண் இருந்தால் ஒப்பிட வசதியாக இருக்குமே” என்று நீங்கள் கேட்கலாம். வசதிதான். ஒப்பிட வேண்டுமானால், எல்லாக் கலவைகளையும் ஒரே அளவில், ஒரே வெப்பநிலையில் போட்டு ஒப்பிடுங்கள். நிபந்தனையை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் காட்டுவது ஏமாற்று.

இது ஆய்வுக்கூடத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2024 ஜூன் 14ஆம் தேதி, சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று, நின்றிருந்த ‘மரீன் ஹானர்’ என்ற எரிபொருள் கப்பல்மீது மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. செந்தோசா கடற்கரை மணலில் படிந்த கரிய எண்ணெயைப் பலரும் படங்களில் பார்த்தோம். கப்பல் எரிபொருளில் எளிதில் கரையும் பொருள்கள் பெட்ரோலைவிடக் குறைவு. ஆனால், அறவே இல்லாமல் இல்லை. ‘எண்ணெய் கரையாது’ என்று நம்புகிறவருக்கு, கரிய படலத்தை அள்ளியதும் வேலை முடிந்தது. கரைதிறனைப் புரிந்துகொண்டவரோ, கண்ணுக்குத் தெரியாமல் நீருக்குள் போனது என்ன என்று சோதித்துப் பார்க்கச் சொல்வார். கடற்கரையை எப்போது மீண்டும் திறக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் இந்த இரண்டாமவர்தான் இருக்க வேண்டும்.

அந்த இடத்துக்கு நாளை உங்களில் சிலர் போவீர்கள். பழக்கத்தை இப்போதே தொடங்குங்கள். அடுத்த அறிவியல் செய்முறையில் ஒரு கலவையின் கரைதிறனை எழுதும்போது, எவ்வளவு போட்டீர்கள், என்ன வெப்பநிலை, எவ்வளவு நேரம், எப்படிக் கலக்கினீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.