பழைய காரும் புதிய விசிறியும்

சூடேறிய கார் ஒன்று வீதியோரத்திலே ஆவி கக்கி நிற்கக் கண்டால், வழிப்போக்கர் பலரும் வைத்தியராகிவிடுவர். "தேமொஸ்ரற்றைக் கழற்றி எறியுங்கள்" என்பார் ஒருவர். "மின்விசிறி பூட்டுங்கள்" என்பார் இன்னொருவர். இவ்விரு மருந்துகளையும் என் மொறிஸ் மைனருக்குக் கொடுத்து, அவற்றின் பயனையும் அனுபவித்தவன் என்னும் உரிமை பற்றியே, தமிழாசிரியனாகிய யான் இயந்திரத் துறையிலே வாய் திறக்கத் துணிந்தேன். துறை வல்லார் பொறுப்பாராக.

அக்கார் என் தந்தையாருடையது. அவரும் நம் கல்லூரியின் பழைய மாணவரே. வடக்கிலே பெற்றோல் தடைப்பட்டிருந்த 1990களில், ஏனையோரைப் போல அவரும் அதனை மண்ணெண்ணெயில் ஓட்டினார். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் நன்கு ஆவியாகாது; ஆதலின் சிறிதளவு பெற்றோல் விட்டுத் தொடக்கி, வெம்மை ஏறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். இயந்திரத்துக்குச் சூடு பகையன்று, அளவு கடந்த சூடே பகை என்பதை அக்காலத்துச் சிறுவராகிய நாங்கள் கண்ணாற் கண்டோம். கண்டும் யான் மறந்தேன்.

2011 ஆம் ஆண்டு சனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் பூநகரியிலே பணியேற்ற யான், யாழ்ப்பாணத்தில் நின்ற அக்காரை இங்கே கொண்டுவந்தேன். சில ஆண்டுகளில் அது நண்பகலிலே கொதிக்கத் தொடங்கியது. சோளகக் காலத்திலே வடக்கு நோக்கிச் செல்லுங்கால் காற்று முதுகுப்புறமாக வீசும். றேடியேற்றரின் முகத்திலே படும் காற்றுக் குறையும். ஆதலின் அப்பொழுது தொல்லை இருமடங்காயிற்று.

முதலில் தேமொஸ்ரற்றைக் கழற்றுவித்தேன். காலைப் பயணங்களில் இயந்திரம் சூடேறாமலே ஓடிப் பெற்றோலைக் குடித்தது; நண்பகலிலோ முன்போலவே கொதித்தது. அடுத்து, பழைய விசிறியை அகற்றி மின்விசிறி பூட்டுவித்தேன். இக்காரிலே மின்கலத்தின் நேர்முனையே வண்டியுடலோடு இணைந்திருப்பது. இக்காலக் கார்களில் எதிர்முனை. இதனைக் கருதாது இணைத்தமையால் விசிறி மறுதிசையிற் சுழன்றது! அது திருத்தப்பட்ட பின்னும் துன்பம் நீங்கவில்லை. பழைய டைனமோ தரவல்லது ஏறக்குறைய 20 அம்பியர் மின்னோட்டமே. மெல்லச் செல்லுங்கால் அதுவும் இல்லை. விளக்கும் விசிறியும் ஒருங்கே உண்ண, மின்கலம் வெறுமையாயிற்று. ஓர் இரவு, பாலத்துக்கு இப்பால், இருளிலே மனைவி மக்களோடு நின்றேன்.

முடிவில், றேடியேற்றர் திருத்தும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். அவர் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை. "என்ன தண்ணீர் விடுகிறீர்கள், ஐயா?" என்று மட்டுமே வினவினார். எங்கள் கிணற்றுநீர் உவர்நீர். அதனையே ஆண்டுக்கணக்காக வார்த்திருந்தேன். றேடியேற்றரைத் திறந்தபோது, அதன் நுண்குழாய்கள் பல வெண்படிவால் அடைபட்டிருந்தன. தந்தையார் மழைநீரைப் போத்தல்களிலே சேமித்து அதனையே காருக்கு வார்ப்பது நினைவுக்கு வந்தது. அதனை முதுமையின் பிடிவாதம் என்று நகைத்தவன் யான்.

படிவு நீங்கியது, பழைய விசிறியும் புதிய தேமொஸ்ரற்றும் மீண்டும் பூட்டப்பட்டன, கார் இன்று கொதிப்பதில்லை.

1956 இல் வெளிவந்த மைனர் 1000 இன் இயந்திரம் 948 கன சென்ரிமீற்றர் அளவினது. நோயின் முதலை நாடுமாறு வைத்தியனுக்குக் கூறும் திருக்குறளின் எண்ணும் 948! தற்செயலே எனினும், மாணவருக்கு அக்குறளைப் பல்லாண்டு கற்பித்தவன் தன் காரின் முன்னே அதனை மறந்தமைக்கு இதனினும் தக்க தண்டனை வேறில்லை.

யான் மாற்றத்தின் பகைவன் அல்லேன். மண்ணெண்ணெயில் ஓட்டியதும் மாற்றமே; அது வேறு வழியின்மையாற் பிறந்தது. 82 பாகை செல்சியசில் திறக்கும் தேமொஸ்ரற்றுக்குப் பதிலாக, வெப்பநாடுகளுக்கென அமைந்த 74 பாகையினதைப் பூட்டுதலும் தகும். வழியும் நீரைத் தாங்கச் சிறு போத்தல் அமைத்தலும் தகும், வேண்டாதபோது கழற்றிவிடலாம். ஆயின் நீர், குழாய், விசிறிப் பட்டி, அழுத்த மூடி, தீப்பொறி நேரம் ஆகிய ஐந்தையும் ஆராயாமுன் தகட்டை வெட்டுதலும், துளையிடுதலும், பழைய உறுப்பை இரும்புக் கடைக்குப் போடுதலும் தகா.

நம் பழைய மாணவர் பலருடைய வீடுகளிலே இத்தகைய கார்கள் இன்னும் நிற்கின்றன. வெளிநாடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவற்றைப் புதுக்க விரும்புகின்றனர், அவ்விருப்பம் போற்றத்தக்கதே. அவர்களுக்கு யான் கூறுவது ஒன்றே: கருவியை வாங்குமுன், அக்காரை அறிந்த முதியவர் ஒருவரைத் தேடுங்கள். காருக்கு உறுப்புகள் எங்கிருந்தேனும் வரும், "என்ன தண்ணீர் விடுகிறீர்கள்?" என்று கேட்பவர் போய்விட்டால் மீண்டும் வாரார்.